காலாண்டு லீவா, அரையாண்டு லீவா, மே மாதமா: அல்மாட்டிக்கு எப்போது போவது, எதை எடுத்துப் போவது?

பாலக்கோட்டு மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், போன வாரம் கூப்பிட்டு, "மாப்ளே, எப்பப் போனா நல்லது, அத மட்டும் சொல்லு" என்றார். அவர் மகன் இந்த செப்டம்பரில் கஜகஸ்தானின் அல்மாட்டிக்கு எம்.பி.பி.எஸ். படிக்கக் கிளம்புகிறான். என் மகள் அங்கே மூன்றாம் வருஷம். மாமா அரசுப் பள்ளி ஆசிரியர், நினைத்தபோது கிளம்ப முடியாது. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மே மாதம், இந்த மூன்றில் ஒன்றுதான் அவருக்கு. கூட அக்காவும் 68 வயதான அத்தையும், அதாவது மாமாவின் அம்மாவும், வருகிறார்கள். ஃபோனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அதுவுமில்லாமல் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும் முதல் ஆள் மாமா இல்லை, பிள்ளையை அந்தப் பக்கம் படிக்க அனுப்பிவிட்டு ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வரணும் என்று நினைக்கிற எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

என் கணக்கில் இரண்டு பயணம். முதல் தடவை பொங்கல் முடிந்த கையோடு ஜனவரியில், நானும் மனைவியும். இரண்டாவது தடவை செப்டம்பர் கடைசியில். மே மாதம் மட்டும் நான் போனதில்லை, போகவும் முடியாது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவன் மே மாதம் ஊரைவிட்டு எங்கே போவது? அதனால் மே மாதத்தைப் பற்றி நான் சொல்வது மகள் சொன்னதும் அவள் அனுப்பிய படங்களும்தான்.

முதலில் அந்த ஊரின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அது புரிந்தால் பெட்டியில் என்ன வைப்பது என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும். அல்மாட்டி ஆசியாவின் நடு உள்நாட்டில் இருக்கிறது, எந்தப் பெருங்கடலும் கிட்டத்தில் கிடையாது. கடல் பக்கத்தில் இருந்தால் வெயில் காலத்தில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு குளிர் காலத்தில் மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். உள்நாட்டில் அந்த வசதி இல்லை, மண் சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். நம் கிருஷ்ணகிரியில் மே மாதச் சராசரிக்கும் டிசம்பர் சராசரிக்கும் வித்தியாசம் பத்து டிகிரிகூட வராது. அல்மாட்டியில் ஜனவரிச் சராசரி மைனஸ் 5 சுமார், ஜூலைச் சராசரி 24 சுமார், கிட்டத்தட்ட 30 டிகிரி வித்தியாசம். இது மாதக் கணக்கு மட்டும்தான். பகலுக்கும் ராத்திரிக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி, வெளியிலுக்கும் வீட்டுக்குள்ளுக்கும் ஜனவரியில் முப்பது டிகிரிக்கு மேல், இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வேறு. அதனால்தான் "ரொம்பக் குளிருமா?" என்று கேட்பவர்களிடம் நான் "ஒரே நாளில் எத்தனை தடவை மாறும்" என்பதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு தடிமனான ஸ்வெட்டரை நம்பிப் போனால் அந்த மாற்றத்துக்கு அது ஈடுகொடுக்காது. போடவும் கழற்றவும் முடிகிற மூன்று மெல்லிய துணிகள் ஈடுகொடுக்கும்.

இன்னொன்று உயரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது சூளகிரி தாண்டியதும் பஸ் ஜன்னல் காற்று மாறுவது நமக்கெல்லாம் பழக்கம், அது வெறும் நானூறு மீட்டர் ஏற்றம்தான். அல்மாட்டி நகரின் நடுப்பகுதி சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே தியான் ஷான் மலை சுவர் மாதிரி நிற்கும். மேதேவ் என்ற ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம் 1,691 மீட்டர், சிட்டி பஸ்ஸிலேயே போகலாம். அங்கிருந்து கேபிள் காரில் ஷிம்புலாக் என்ற மலைப் பனிச்சறுக்கு இடம், சுமார் 2,200 மீட்டர், அதற்கும் மேலே தல்கார் கணவாய் 3,200 மீட்டர் அளவில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும், ஆக டீ குடித்துவிட்டுக் கிளம்பி மத்தியானத்துக்குள் 15 டிகிரி வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். எந்த மாதம் போனாலும் மலைக்கென்று ஒரு உடுப்பு தனியாக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, மூன்று லீவுக்கு வருவோம். மே மாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏப்ரலும் மேயும் அங்கே மழை அதிகமாகப் பெய்யும் மாதங்கள், மற்ற மாதங்களைவிட அந்த இரண்டில்தான் தண்ணீர். ஏப்ரல் கடைசியில் ஆப்பிள் பூக்கும், மலையடிவாரம் பச்சையாக இருக்கும், பகல் 20 டிகிரியைத் தாண்டும், நம் அக்னி நட்சத்திர வெயிலிலிருந்து போகிறவருக்கு அது சொர்க்கமாகத் தெரியலாம். ஆனால் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இடியும் மழையும் வந்தால் மலைக்குப் போகும் திட்டம் போச்சு. பனி உருகும்போது கனமழையும் சேர்ந்தால் மலையிலிருந்து சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கும் ஊர் அது. மேதேவுக்கு மேலே ஒரு பெரிய தடுப்பணை இருப்பதே அதற்காகத்தான், 1973 ஜூலையில் வந்த பெரிய சேற்று வெள்ளத்தை அந்த அணைதான் நகரத்துக்குள் வராமல் தடுத்தது. எல்லாவற்றையும்விட, மே மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் நேரம், பெற்றவர்கள் போய் நின்றால் அவர்களுக்கும் கஷ்டம். மே மாதத்தில் போகிறவருக்குத் துணி விஷயம் சுலபம்தான், ஒரு ஃப்ளீஸ் சட்டை (மெத்தென்ற, சூடு காக்கும் செயற்கைத் துணி), ஒரு நல்ல மழைக்கோட்டு, நனைந்தால் சீக்கிரம் காயும் பேண்ட், மூடிய ஷூ. குடை மட்டும் போதும் என்று போகாதீர்கள், மலையில் குடை நிற்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலில் 30 டிகிரியைத் தாண்டும், பிள்ளைகளும் பாதிப் பேர் ஊருக்கு வந்துவிடுவார்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அரையாண்டு லீவு, அதாவது டிசம்பர் கடைசி வாரம். மாமாவின் மனசு இதில்தான் இருக்கிறது, பனி பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஆசை நியாயமானது, பனியில் மூடிய அந்த ஊர் அவ்வளவு அழகு, புது வருஷத்துக்காகத் தெருவெல்லாம் விளக்கு போட்டிருப்பார்கள். டிசம்பர் கடைசியில் பகல் பூஜ்யத்தை ஒட்டி, ராத்திரி மைனஸ் 8, சில இரவுகளில் மைனஸ் 15 வரைகூட இறங்கும். உலர்ந்த குளிர் என்பதால் காற்றில்லாத நாளில் மைனஸ் 8 என்பது பயந்த அளவுக்குத் தெரியாது. காற்று அடித்தால் கதை வேறு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 18 போலத் தெரியும். அல்மாட்டி மலைக்குக் கீழே ஒண்டியிருக்கும் ஊர், அதனால் குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் அசையாது. தலைநகர் அஸ்தானா அப்படியில்லை, வெட்டவெளிச் சமவெளி, ஜனவரிச் சராசரியே மைனஸ் 14 பக்கம், மேலே காற்றும் அடிக்கும். "அப்படியே அஸ்தானாவையும் பார்த்துட்டு வந்துடலாமா" என்று மாமா கேட்டார். அரையாண்டு லீவில் வேண்டவே வேண்டாம் மாமா.

காற்று அசையாததில் ஒரு கெடுதலும் இருக்கிறது, இதைப் போகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. குளிர்ந்த காற்று கனமானது, மலையடிவாரப் பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். ஊரின் வெப்பமூட்டும் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது, ஓரத்து வீடுகளில் அடுப்பு எரிகிறது, வண்டிப் புகை வேறு, எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே நிற்கும். நாங்கள் ஜனவரியில் தங்கியிருந்த வீட்டின் ஜன்னலிலிருந்து மலை தெரியும் என்று மகள் சொல்லியிருந்தாள். நாலு நாள் ஜன்னலுக்கு வெளியே பழுப்பு நிறம்தான் தெரிந்தது. ஐந்தாம் நாள் மேதேவுக்கு பஸ் ஏறினோம், பாதி ஏற்றத்தில் அந்தப் பழுப்பைத் தாண்டி வெளியே வந்தால் மேலே கண் கூசும் வெயில், நீல வானம், ஊர் கீழே கஞ்சிப் பானைக்குள் கிடப்பது மாதிரி கிடந்தது. அத்தைக்கு வீசிங் இருக்கிறது. அந்த ஒரு காரணமே போதும், அவரை டிசம்பர் ஜனவரியில் அங்கே கூட்டிப்போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வெளிச்சமும் குறைவு. டிசம்பர் கடைசியில் சாயங்காலம் நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும். கஜகஸ்தான் நேரம் நம்மைவிட அரை மணி பின்னால், அதனால் உடம்புக்கு நேரக் குழப்பம் எதுவும் இல்லை, ஆனால் சுற்றிப்பார்க்கக் கிடைக்கும் பகல் ஒன்பது மணி நேரம்தான்.

ஜனவரிப் பயணத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். ஆளுக்கு நாலு கம்பளி ஸ்வெட்டர், மங்கி கேப், சால்வை எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். உள்ளே வழக்கமான காட்டன் பனியன். காலில் எனக்கு வலைத்துணி வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூ, மனைவிக்குப் புடவையும் கட் ஷூவும். முதல் நாள் காலை மைனஸ் 12. ஐந்து நிமிஷம் நடந்து பஸ் ஏறினோம், பஸ்ஸுக்குள் கதகதப்பு, கூட்டம் வேறு. நாலு ஸ்வெட்டரையும் கழற்ற இடமில்லை, வியர்த்துக் கொட்டிவிட்டது. இறங்கியதும் அந்த ஈரப் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஐஸ் வைத்தமாதிரி ஆகிவிட்டது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, ஈரம் உடம்புச் சூட்டை உலர்ந்த காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சிவிடும். நம் வெயிலில் பருத்தியை நல்ல துணி ஆக்குவது எதுவோ அதுவேதான் அங்கே அதைக் கெட்ட துணி ஆக்குகிறது. அன்று ராத்திரியே மனைவிக்குக் காய்ச்சல். புடவையின் கீழ்க் கரை பனியில் நனைந்து, வெளியே விறைத்து, உள்ளே வந்து சொட்டி, மூன்று நாளில் அவள் மகளுடைய பேண்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஹாஸ்டல் சரிவில் நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, மிச்சப் பயணம் முழுக்க ஒரு கையோடுதான்.

அந்த விழுகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு எங்கே செய்யணும் என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. அல்மாட்டி முழுக்கத் தெற்கிலிருந்து வடக்கே சரிந்த ஊர். பகலில் பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பனி கொஞ்சம் உருகும், ராத்திரி அதுவே கண்ணாடி மாதிரி உறையும், மேலே புதுப் பனி மூடிக்கொண்டால் கீழே கண்ணாடி இருப்பது தெரியாது. தெரு ஓரத்தில் அரிக் என்று சிமென்ட் வாய்க்கால்கள் ஓடும், மலைத் தண்ணீர் மரங்களுக்குப் போக வெட்டியது, அசல் நம் தோப்பு வாய்க்கால் மாதிரியேதான். பனிக்காலத்தில் அதுவும் மூடிக் கிடக்கும், காலை வைத்தால் முழங்கால் போகும். நடப்பது எப்படி என்றால், மழை விட்டதும் வயல் வரப்பில் நடப்போமே, பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, எட்டுவைப்பு சின்னதாக, கை பாக்கெட்டில் இல்லாமல், அப்படி. ஷூவின் அடிப்பாகம் குளிரிலும் மெத்தென்று இருக்கிற ரப்பராக, ஆழமான வெட்டு உள்ளதாக இருக்க வேண்டும். நம் ஊர் ஸ்போர்ட்ஸ் ஷூ அந்தக் குளிரில் மரக்கட்டை மாதிரி விறைத்துவிடும். அளவு, தடித்த சாக்ஸ் போட்டபிறகும் விரல் ஆடுகிற அளவு வேண்டும், இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாமல் விரல்தான் முதலில் மரத்துப்போகும். இரண்டு சாக்ஸைத் திணிப்பதைவிட ஒரு கம்பளி சாக்ஸ் மேல். கையில் இருப்பது பத்தாயிரம் என்றால் பாதியை ஷூவில் போடச் சொல்வேன்.

இப்போது காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். என்னைக் கேட்டால் முதல் தடவை போகிற யாருக்கும் இதுதான். பகலில் 20 டிகிரியை ஒட்டி, ராத்திரி பத்துக்குக் கீழே, அதாவது தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழி விடியலில் அனுபவிக்கிற குளிர்தான், புதுசாக எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. மழை குறைவு, வானம் தெளிவு, மலை தினமும் தெரியும், மரமெல்லாம் மஞ்சளாகி நிற்கும். மேலே ஷிம்புலாக்குக்குப் போனால் அதற்கும் மேலே உச்சிகளில் வெள்ளை தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் அக்டோபரில் மலையில் புதுப் பனியே விழும், அக்காவின் ஆசைக்கு அது போதும். 15 கிலோ பெட்டியில் எல்லாம் அடங்கிவிடும்.

அப்புறம் ஆப்பிள். அல்மா என்றால் கஜக் மொழியில் ஆப்பிள், சோவியத் காலத்தில் அந்த ஊருக்கு அல்மா-அட்டா என்றுதான் பெயர். இன்று உலகம் முழுக்க விற்கிற ஆப்பிளுக்கெல்லாம் முக்கியமான மூதாதை அந்த மலைக்காடுகளில் தானாக வளரும் காட்டு ஆப்பிள்தான். ரஷ்யத் தாவர விஞ்ஞானி வவிலோவ் 1929-ல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, ஆப்பிள் பிறந்த இடம் இதுதான் என்று சொன்னார், பின்னால் வந்த மரபணு ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. தலைமுறையாக மாமரம் வைத்திருக்கிறவன் என்பதால் இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம். பச்சைச் சந்தை என்று நகர நடுவில் ஒரு பெரிய மார்க்கெட், அங்கே அபோர்ட் என்ற அவர்களுடைய பெருமைக்குரிய ரகம் அக்டோபரில் வந்து குவியும், ஒரு பழம் அரைக் கிலோ வரைகூடப் போகும். காம்பு பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குகிற அந்த ஊர்ப் பாட்டிகளைப் பார்த்தபோது நம் மாங்காய் மண்டிதான் ஞாபகம் வந்தது. ஜனவரியில் போனபோது இந்த சந்தோஷம் எதுவும் கிடைக்கவில்லை.

காலாண்டு லீவிலும் ஒரு குறை உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு வெப்பம் நகரத்தின் பொதுக் குழாயில் வருகிறது, அதை வீட்டுக்காரர் நினைத்தபோது திறக்க முடியாது. வழக்கமாக அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள், ஏப்ரல் நடுவில் மூடுவார்கள். அதனால் அக்டோபர் முதல் வாரத்தில் வெளியே 8 டிகிரி இருக்கும் ராத்திரியில் வீட்டுக்குள்ளும் குளிரும், ஜனவரியில் மைனஸ் 12-இல் உள்ளே பனியனோடு உட்காரலாம். அதனால் வீடு பிடிக்கும்போதே தனி ஹீட்டர் இருக்கா, கூடுதல் போர்வை இருக்கா என்று கேட்டுவிடணும். நான் கேட்காமல் போய் இரண்டு ராத்திரி ஜாக்கெட்டோடு படுத்தேன்.

ஆக மாமாவுக்கு என் பதில்: அத்தையும் வருவதாக இருந்தால் காலாண்டு லீவு, வேறு யோசனையே வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள்வரை விசா இல்லாமல் இருக்கலாம், 2022 ஜூலையிலிருந்து அப்படி, காலாண்டு லீவுக்கு அது தாராளம். டிக்கெட் போடுமுன் ஒரு தடவை விதி மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை இல்லாமல் நீங்களும் அக்காவும் மட்டும் என்றால், இன்னொரு வருஷம் அரையாண்டு லீவில் பனி பார்க்கப் போங்கள், ஆனால் கீழே சொல்கிறபடி தயாராகப் போங்கள்.

எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது? உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடையை இங்கேயே வாங்குங்கள், போய் இறங்கும் முதல் நிமிஷத்திலிருந்து வேண்டும், நம் உடம்பு அளவுக்குப் போட்டுப் பார்த்தும் வாங்கலாம். பாலியஸ்டரோ கம்பளியோ, பருத்தி கலக்காதது, ஆளுக்கு இரண்டு செட். கிருஷ்ணகிரிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஊட்டிக் குளிருக்கான சரக்கு, அதனால் ஓசூரிலோ, பெங்களூர் டெக்கத்லான் மாதிரி விளையாட்டுப் பொருள் கடையிலோ பாருங்கள். தெர்மலுக்கும் மேல் ஜாக்கெட்டுக்கும் நடுவில் போடும் அடுக்குக்குப் புதுசாக எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கும் ஒரு நல்ல ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ போதும். ஒன்றே ஒன்று, நாலு வேண்டாம். குளிர் காலத்தில் டவுனில் கடை போடுகிற திபெத்தியர்களிடம் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, இரண்டு பயணத்துக்கும் அதுதான் போனது. மங்கி கேப்பைக் கேலி செய்பவர்கள் செய்யட்டும், காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் அதைவிட நல்ல பொருள் நான் பார்க்கவில்லை, மேலே ஜாக்கெட்டின் தலைமூடியையும் இழுத்துவிட்டால் காற்றும் புகாது.

மேல் ஜாக்கெட்தான் எல்லோரும் குழம்பும் இடம். வாத்து இறகு நிரப்பியது எடை குறைவு, சுருட்டினால் கைக்குள் அடங்கும், உலர்ந்த குளிரில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் நனைந்தால் இறகு கட்டி கட்டியாகச் சேர்ந்து சூடு போய்விடும், காயவும் நாளாகும். செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம், பெட்டியில் இடம் பிடிக்கும், ஆனால் ஈரமானாலும் ஓரளவு காப்பாற்றும், ஹாஸ்டல் மெஷினில் போட்டு எடுக்கலாம், விலையும் குறைவு. அல்மாட்டி குளிர்காலம் பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்குவது, ஈரப் பனி விழும், அதனால் அங்கே படிக்கிற பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே இறங்குகிற, தலைமூடி வைத்த செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்தான் என் தேர்வு. அஸ்தானாவில் படிக்கிற பிள்ளை என்றால் இறகுதான், அந்த மைனஸ் 25-க்கு வேறு வழியில்லை. பத்து நாளுக்குப் போகிற பெற்றவர்கள் எதையும் வாங்காதீர்கள், இரவல் வாங்குங்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வெளிநாடு போய்வந்த சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இரண்டு மூன்று ஜாக்கெட் சும்மா தூங்குகிறது. மலைக்கு மட்டும் வேண்டுமென்றால் ஷிம்புலாக்கில் பனிச்சறுக்கு உடுப்பு வாடகைக்கே கிடைக்கும்.

ஷூவை இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறு. அவள் இங்கேயே வாங்கிப் போட்டுப் பழகிப் போகணும் என்பாள். காலாண்டுப் பயணத்துக்கு அவள் சொல்வது சரி, நல்ல மூடிய நடைஷூ இங்கேயே வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள், முக்கியமாக அத்தை, ரப்பர் செருப்பைத் தவிர வேறு போட்டதே இல்லை அவர். ஆனால் பனிக்கான பூட்ஸ் அங்கேதான். அந்த ஊர்ப் பனியில் நடக்கிறவர்கள் வாங்குகிற சரக்கு அந்த ஊர்க் கடையில்தான் இருக்கும். பராகோல்கா என்று ஊர் ஓரத்தில் பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது, பேரம் பேசலாம், மொழி தெரியாவிட்டால் கால்குலேட்டரில் எண்ணைக் காட்டுவார்கள். போகும்போது பிள்ளையையோ சீனியர் யாரையாவதோ கூட்டிப் போங்கள்.

அதனால் அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். செப்டம்பரில் போகிறவன், நவம்பர்வரை பெரிய குளிர் கிடையாது, ஜாக்கெட்டையும் பூட்ஸையும் இங்கிருந்து சுமந்துபோய் எடையை வீணாக்காதே. தெர்மல் மூன்று செட், கம்பளி சாக்ஸ், ஒரு ஃப்ளீஸ், மங்கி கேப், கையுறை, மழைக்கோட்டு, அவ்வளவு. மிச்ச எடையில் ராகி மாவும் பருப்புப் பொடியும் வை, ஜனவரியில் சுடச்சுடக் களி கிண்டிச் சாப்பிடும்போது தெரியும். பெரிய துணிக்கான பணத்தைத் தனியாகக் கொடுத்துவிடச் சொல்லி மாமாவிடம் சொல்லிவிட்டேன், அக்டோபர் கடைசியில் அங்கே வாங்கிக்கொள்வான். இன்னொன்று, காலேஜிலும் தியேட்டரிலும் நுழைந்ததும் மேல்கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கும் வழக்கம் அங்கே உண்டு, உள்ளே எல்லோரும் சாதாரணச் சட்டையோடுதான் இருப்பார்கள். அதனால் உள்ளே போடுவதும் ஒழுங்காக இருக்கணும். வீட்டுக்குள் நம்மைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள், உள்ளே போட ஒரு ஜோடி லேசான செருப்பு எடுத்துப் போங்கள்.

உடம்புச் சமாச்சாரம் கொஞ்சம். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டரில் இரண்டரைக் கிராம்கூட ஈரம் தாங்காது. அதையே உள்ளே கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால், 19 கிராம் தாங்கக்கூடிய காற்றில் அந்தச் சொச்சம் மட்டுமே இருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், தாகமே எடுக்காமல் உடம்பு வறளும். தேங்காயெண்ணெய் கொண்டுபோனால் வழியிலேயே கட்டியாகிவிடும், அகல வாய் டப்பாவில் ஊற்றிப் போங்கள், இல்லையென்றால் வேஸ்லின். ராத்திரி ரேடியேட்டர், அதாவது அறையைச் சூடாக்கும் குழாய் மேல் ஒரு ஈரத் துண்டைப் போட்டுவிட்டுப் படுப்பது மகள் சொல்லிக்கொடுத்தது, நன்றாக வேலை செய்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையிலேயே வையுங்கள், உறைந்துவிட்டால் பிறகு பயன்படாது. குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபோன் பேட்டரியும் குளிரில் சட்டென்று இறங்கும், உள்பாக்கெட்டில் உடம்போடு வைத்தால் தாங்கும். மலைக்குப் போனால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், புதுப் பனி வெயிலை எண்பது சதவீதம்வரை திருப்பி அடிக்கும். அத்தையை மேதேவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 3,200 மீட்டர் அவர் மூச்சுக்கு ஆகாது.

ஜாக்கெட்டையும் ஒரு செட் தெர்மலையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கையில் வையுங்கள். பெங்களூரிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து நாலு மணி நேரம் போல, பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் ராத்திரி ஏர்போர்ட் வாசலில் அரைக்கைச் சட்டையோடு நிற்க வேண்டியிருக்கும்.

நேற்று ராத்திரி மாமா மறுபடி கூப்பிட்டார். காலாண்டு லீவுக்கே போட்டுவிடலாம் என்று முடிவாகிவிட்டது, அக்கா மட்டும் "பனி இருக்குமா, இருக்காதா" என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று ஜாக்கெட்டை ஓசூர்ச் சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தையின் காலை ஒரு பேப்பரில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போகிறேன், ஷூவை நானே பார்த்து வாங்கிவந்து கொடுத்துவிடுகிறேன்.